எலும்புக்கு அவசரம் தெரியாது

பல் போனால் சொல் போச்சு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். போவது சொல் மட்டுமா? சித்தூர்ச் சீமையின் செம்மண்ணில் விளைந்த வேர்க்கடலையை வறுத்து வீட்டிலுள்ள எல்லோரும் கொறிக்கும்போது, மூத்தவர் ஒருவர் மட்டும் அதை இடித்துத் தரும்வரை காத்திருக்கிறார். முறுக்கைக் காப்பியில் ஊறவைத்துத் தின்கிறார். கல்யாணப் பந்தியில் பாதி உணவோடு இலையை மூடிவிட்டு எழுந்துவிடுகிறார். பல் இல்லாத முதுமை முதலில் உணவைக் குறைக்கிறது. பிறகு நாலு பேரோடு உட்கார்ந்து உண்ணும் ஆசையையும் குறைக்கிறது.

ஆகவே, பெற்றோருக்கு நிலையான பல் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைப்பது மிக நல்ல எண்ணம். திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பலர் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் வேலை பார்க்கிறார்கள். இரண்டு அல்லது மூன்று வார விடுமுறையில் வருகிறார்கள். மலையேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு, "வந்த கையோடு அப்பாவுக்கு இம்ப்ளான்ட் வைத்துப் பல்லையும் கட்டிவிட்டுப் போய்விடலாம்" என்று திட்டமிடுகிறார்கள். 'ஒரே நாளில் பல்', 'மூன்றே நாளில் நிலையான பற்கள்' என்று ஊர் ஊராகத் தொங்கும் விளம்பரப் பலகைகளும் அந்தத் திட்டத்துக்குத் தூபம் போடுகின்றன.

இதில் யாரும் கலந்து ஆலோசிக்காத ஒரு பங்காளி உண்டு. அது தாடை எலும்பு. பல் கட்டும் வேலைக்கு நாள் குறிக்கும் உரிமை அதற்கே உரியது. நம் விடுமுறைக்கு அந்த உரிமை இல்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. கடந்த நாற்பது ஆண்டுகளில் விஞ்ஞானிகள் இம்ப்ளான்டின் மேற்பரப்பைப் பலவாறாகப் பக்குவப்படுத்தி, எலும்பு கேட்கும் அவகாசத்தை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் அதை முற்றிலும் இல்லாமல் ஆக்கிவிடவில்லை. எவ்வளவு குறைத்தார்கள், எப்படிக் குறைத்தார்கள் என்று தெரிந்துகொண்டால் விளம்பரத்தை நம்புவதா, மருத்துவரை நம்புவதா என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இம்ப்ளான்ட் என்பது வேறொன்றுமில்லை. டைட்டானியம் உலோகத்தாலான ஒரு சிறிய திருகாணி. பல்லின் வேர் இருந்த இடத்தில் தாடை எலும்பில் துளையிட்டு அதைத் திருகி இறக்குகிறார்கள். பிறகு அதன் தலையில் செயற்கைப் பல்லைப் பொருத்துகிறார்கள். டைட்டானியத்தின் மூலப்பொருள் நமக்கு அந்நியமானதன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலிலும் கேரளத்துச் சவறா மணலிலும் இருக்கும் இல்மனைட்டிலிருந்து கிடைப்பதுதான் அது.

இந்த உலோகத்துக்கும் எலும்புக்கும் உள்ள நட்பு தற்செயலாகத்தான் தெரியவந்தது. 1952ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற மருத்துவ ஆய்வாளர், முயலின் கால் எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக டைட்டானியத்தாலான ஒரு சிறு கருவியை எலும்பில் பொருத்தினார். ஆய்வு முடிந்து கருவியைக் கழற்றப் போனால், அது கழலவில்லை. எலும்பு அதைத் தன்னுடையதாகவே பிடித்துக்கொண்டிருந்தது. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக டைட்டானிய வேர்களை வைத்தார் பிரோனமார்க். லார்சன் 2006இல் காலமாகும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவை அவருக்குப் பயன்பட்டன. 1982இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே உலகப் பல்மருத்துவம் இம்முறையை முழுமனதோடு ஏற்றுக்கொண்டது.

பிரோனமார்க்கின் திருகாணி, கடைசல் இயந்திரத்தில் கடைந்தபடியே வழவழப்பாக இருந்தது. அதை ஈறுக்குள் புதைத்து வைத்துவிட்டு, கீழ்த்தாடையானால் சுமார் மூன்று மாதமும் மேல்தாடையானால் சுமார் ஆறு மாதமும் காத்திருந்த பிறகுதான் பல் கட்டினார்கள். அந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியாதா என்ற கேள்வியிலிருந்துதான் மேற்பரப்பு ஆராய்ச்சி பிறந்தது.

இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. வீட்டில் கொத்தனார் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். வழவழப்பான பழைய சுவரில் அவர் நேரே பூச மாட்டார். முதலில் சுவரைக் கொத்திவிடுவார். அப்போதுதான் கலவை பிடிக்கும். அடுத்து நீர் தெளித்து ஈரப்படுத்துவார். காய்ந்த சுவரில் கலவை ஒட்டாது. பூசியபின் நாள்தோறும் தண்ணீர் விட்டு ஆறவிடுவார். மேல்தளம் போட்டால் சென்ட்ரிங்கைக் குறித்த நாளுக்கு முன்னால் பிரிக்க விடமாட்டார். வீட்டுக்காரருக்குக் கிரகப்பிரவேச அவசரம் இருக்கலாம். கான்கிரீட்டுக்கு அந்த அவசரம் தெரியாது. இம்ப்ளான்ட் மேற்பரப்பின் கதையும் ஏறக்குறைய இதுதான்: கொத்துவது, நனைப்பது, காத்திருப்பது.

முதலில் கொத்துவதைப் பார்ப்போம். திருகாணி எலும்பில் இறங்கியவுடன் அதன்மேல் முதலில் படுவது இரத்தம். இரத்தத்திலுள்ள புரதங்கள் சில நொடிகளிலேயே உலோகத்தின் மேல் படிகின்றன. இரத்தம் உறைந்து, ஃபைப்ரின் என்னும் நுண்ணிய நார்கள் வலைபோல் பின்னிக்கொள்கின்றன. எலும்பை உண்டாக்கக் கூடிய இளம் செல்கள் இந்த நார்களைப் பற்றி, கயிற்றைப் பிடித்து ஏறுவதுபோல் உலோகத்தை நோக்கி ஊர்ந்து வருகின்றன. செல் இழுக்கும்போது நார் உலோகத்தில் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வழவழப்பான பரப்பானால் நார் எளிதில் பிய்ந்துவிடுகிறது. செல் போய்ச் சேருவதில்லை. அப்போது துளையின் சுவரிலிருந்து மட்டுமே எலும்பு மெதுவாக வளர்ந்து வந்து திருகாணியைத் தொட வேண்டும். சொரசொரப்பான பரப்பில் நார் நன்றாகப் பிடித்துக்கொள்வதால் செல்கள் உலோகத்தின் மேலேயே குடியேறி அங்கிருந்தும் எலும்பைக் கட்டத் தொடங்குகின்றன. இருபுறமிருந்தும் வேலை நடப்பதால் இடைவெளி விரைவில் நிரம்புகிறது.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. 1990களின் நடுவில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பார்பரா போயன் குழுவினர், எலும்பாக்கும் தன்மையுள்ள செல்களை வழவழப்பான டைட்டானியத்திலும் சொரசொரப்பான டைட்டானியத்திலும் வளர்த்துப் பார்த்தார்கள். சொரசொரப்பான பரப்பில் செல்களின் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? எண்ணிக்கை குறைவாகவே இருந்தது. ஆனால் பெருகுவதை நிறுத்திக்கொண்ட அந்தச் செல்கள் முதிர்ந்து, எலும்பைக் கட்டும் வேலையில் இறங்கியிருந்தன. கூட்டம் சேருவது வேறு, வேலை நடப்பது வேறு என்பதற்குச் செல்களும் விலக்கல்ல.

எவ்வளவு சொரசொரப்பு வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. சராசரியாக 1 முதல் 2 மைக்ரான் வரையிலான மேடுபள்ளமே எலும்புக்கு மிகவும் உகந்தது என்று சுவீடன் ஆய்வாளர்கள் ஆல்பிரெக்சனும் வென்னர்பெர்கும் 2004இல் தொகுத்துச் சொன்னார்கள். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளத்தை உண்டாக்கப் பல வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள். உருகிய டைட்டானியத்தைத் தெளித்தார்கள். எலும்பிலுள்ள தாதுவைப் போன்ற ஹைட்ராக்சிஅபடைட்டைப் பூசினார்கள். அப்பூச்சு தொடக்கத்தில் நன்றாகப் பிடித்தாலும் சில காலம் கழித்துச் சிலருக்குக் கரைவதும் உரிவதுமாக இருந்ததால் அதன் செல்வாக்கு குறைந்தது. பிறகு, கடினமான துகள்களை வேகமாக வீசி அடித்து, அதன்மேல் அமிலத்தில் தோய்க்கும் முறை 1990களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தது. துகள் பெரிய பள்ளத்தையும் அமிலம் அதற்குள் சிறு பள்ளத்தையும் உண்டாக்கும். 2000ஆம் ஆண்டையொட்டி, மின்சாரத்தின் உதவியால் ஆக்சைடு படலத்தைத் தடிப்பாக்கும் முறையும் வந்தது.

அடுத்தது நனைப்பது. டைட்டானியம் காற்றுப் பட்டவுடனே தன்மேல் சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. உடம்பு பார்ப்பது உலோகத்தை அன்று; இந்தப் படலத்தைத்தான். திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வாளர்கள் டைட்டானியம் ஆக்சைடு மெல்லிய படலங்களை வேறு பயன்களுக்காக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பெட்டியில் நாள்பட இருக்கும் டைட்டானியத்தின் மேல் காற்றிலுள்ள கரிமப் பொருள்கள் படிந்து, தாமரை இலைத் தண்ணீர்போல் இரத்தம் ஒட்டாத நிலை வருகிறது. இதைத் தவிர்க்க, திருகாணியை உப்பு நீரிலேயே மூழ்கவைத்து விற்கும் வகை 2005ஐ ஒட்டி வந்தது. புறஊதா ஒளியைப் பாய்ச்சிப் பரப்பைப் புதுப்பிக்கும் முறையையும் கலிபோர்னியாவில் ஆராய்ந்தார்கள்.

இத்தனை பாடுபட்டதற்குப் பலன் என்ன? நல்ல எலும்புள்ள, உடல்நலமுள்ள ஒருவருக்குப் பன்னிரண்டு வாரமாக இருந்த காத்திருப்பு, துகளடித்து அமிலத்தில் தோய்த்த பரப்பில் ஆறு முதல் எட்டு வாரமாகக் குறைந்தது. ஈரமாக வைத்திருக்கும் பரப்பில் மூன்று நான்கு வாரத்திலேயே பல் கட்டலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். எலும்பு மென்மையாக இருக்கும் மேல்தாடையின் பின்புறத்தில்தான் இந்த மேற்பரப்புகளின் உதவி மிகுதியாகத் தெரிகிறது. இது பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் மிகச் சிறந்த பரப்பின் கணக்கும் வாரங்களில்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

விடுமுறையில் வரும் பிள்ளைகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. திருகி இறக்கிய அன்று இம்ப்ளான்ட் ஆடாமல் நிற்பது, மரத்தில் அறைந்த ஆணி நிற்பதைப் போன்றது. பழைய எலும்பின் இறுக்கமே அதற்குக் காரணம். அடுத்த நாட்களில், துளையிட்டபோது நசுங்கிய எலும்பை உடம்பு அரித்து அகற்றுகிறது. புது எலும்போ இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. ஆக, பொருத்திய இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை இம்ப்ளான்டின் பிடிப்பு முதல் நாளைவிடக் குறைந்துபோகிறது. நல்ல மேற்பரப்பு இந்தப் பள்ளத்தை ஆழமில்லாமல் ஆக்கும், அடியோடு நிரப்பிவிடாது. பிள்ளைகள் விமானம் ஏறும் நாளும், அப்பாவின் இம்ப்ளான்ட் மிகப் பலவீனமாக இருக்கும் நாளும் பல வீடுகளில் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. "பல்தான் கட்டியாயிற்றே" என்று அவர் அன்றைக்கே கடலையை எடுத்துக் கடித்தால் என்ன ஆகும்? அந்தக் காலத்தில் அசைவு கூடினால் எலும்புக்குப் பதிலாக மெல்லிய நார்த்திசுவே சுற்றி வளரும். அப்படி வளர்ந்துவிட்ட இம்ப்ளான்ட் பிறகு நிலைப்பதில்லை. எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

அப்படியானால் ஒரே நாளில் பல் கட்டுவதெல்லாம் மோசடியா என்று கேட்கலாம். அப்படிச் சொல்வது நியாயமாகாது. போதுமான எலும்பு இருந்து, திருகும்போதே நல்ல இறுக்கம் கிடைத்து, பல இம்ப்ளான்ட்களை ஒரே சட்டமாகப் பிணைத்தால், அன்றைக்கே தற்காலிகப் பல் கட்டலாம். போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் பாவுலோ மாலோ நான்கே இம்ப்ளான்ட்களின் மேல் முழு வரிசைப் பற்களையும் இவ்வாறு கட்டும் முறையை 1998 முதல் செய்து காட்டினார். ஆனால் அது ஆளைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் வேலை. அன்று கட்டுவது தற்காலிகப் பல். சில மாதம் மென்மையான உணவையே உண்ண வேண்டும். நிலையான பல் அதற்குப் பிறகுதான் வரும். விளம்பரப் பலகையில் முதல் செய்தி கொட்டை எழுத்தில் இருக்கிறது; மற்றவை இருப்பதில்லை. நமது குறை அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'எங்களுடைய மேற்பரப்பே உலகில் சிறந்தது' என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் சொல்வார்கள். வெவ்வேறு வகை இம்ப்ளான்ட்களை ஒப்பிட்ட மருத்துவச் சோதனைகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் அமைப்பு, குறிப்பிட்ட ஒரு வகை நீண்ட காலத்துக்கு மற்றவற்றைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றே 2014இல் முடிவு கூறியது. சொரசொரப்பான பரப்பு ஈறுக்கு வெளியே தலைகாட்டிவிட்டால், எலும்பு செல்லுக்கு இடம் கொடுத்த அதே பள்ளம் கிருமிக்கும் இடம் கொடுக்கும். அதைச் சுற்றிப் புண்ணாகி எலும்பு கரையத் தொடங்கினால், நல்ல உலோகமும் விழுந்துவிடும். நாள்தோறும் துலக்குவதும் குறித்த காலத்தில் மருத்துவரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்வதும் எந்த மேற்பரப்பைவிடவும் குறைந்த மதிப்புள்ளவை அல்ல.

நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு அரிது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குப் புண் ஆறுவதும் எலும்பு வளர்வதும் தாமதமாகும். ஆகவே, பல் வைக்கும் முன் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி பரிசோதனையைச் செய்துகொள்வது முறை. பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவர்கள் அதை மறைக்கக் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்காக அலென்ட்ரோனேட் மாத்திரையோ ஜோலெட்ரோனிக் அமில ஊசியோ எடுத்துக்கொண்டவர்கள் அதைப் பல்மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அம்மருந்துகளால் தாடை எலும்புப் புண் ஆறாமல் போகும் அபாயம் உண்டு. "பல்லுக்கும் அந்த ஊசிக்கும் என்ன சம்பந்தம்" என்று நினைத்து நம் தாய்மார்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

எலும்பைப் பற்றி நம் ஊருக்குத் தெரியாமலில்லை. தேவஸ்தானம் நடத்தும் பர்டு மருத்துவமனைக்கு மூட்டு அறுவைச் சிகிச்சைக்காக எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். சிமென்ட் இல்லாமல் பொருத்தும் இடுப்பு மூட்டிலும் இதே தத்துவம்தான்: சொரசொரப்பான பரப்பில் எலும்பு வளர்ந்து பிடிக்க வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றிய அப்பாவை மறுவாரமே மலைப்படி ஏறச் சொல்வோமா? சொல்லமாட்டோம். தாடைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? சித்தூரிலிருந்து வேலூருக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். திருப்பதியிலிருந்து சென்னைக்குப் போய் அன்றே திரும்பலாம். இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்டுக்கொள்ள நமக்கு வழியில்லாமல் இல்லை.

எல்லோருக்கும் வாய் நிறைய இம்ப்ளான்ட் வேண்டும் என்பதும் இல்லை. கீழ்த்தாடையில் பல்செட் நிற்காமல் வழுக்கும் முதியவருக்கு இரண்டே இம்ப்ளான்ட்களை வைத்து அதன்மேல் பல்செட்டை மாட்டிக்கொள்ளும்படி செய்யலாம். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்தார்கள். செலவும் குறைவு; கழற்றித் துலக்குவதும் எளிது.

இவற்றையெல்லாம் கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறதா என்றால், இருக்கிறது. சிகிச்சையின் தன்மை, அதன் பயன், அதற்கு மாற்று, அதிலுள்ள ஆபத்து ஆகியவற்றைச் சொல்லி நோயாளியின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது. நம் பகுதியில் மருத்துவர்கள் தெலுங்கும் தமிழும் கலந்து அன்பாகவே பேசுகிறார்கள். ஆனால் கையெழுத்து வாங்கும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாத்தாவும் பாட்டியும் என்னவென்று தெரியாமலே கையெழுத்துப் போடுகிறார்கள். பிள்ளை தொலைபேசியில் "போடுங்கள்" என்றால் போதும் என்று இருக்கிறார்கள்.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் ஒரு தாள் அச்சிட்டு உறுப்பினர் வீடுகளுக்குக் கொடுப்போம். வைக்கும் இம்ப்ளான்ட் எந்த நிறுவனத்தது? அதன் மேற்பரப்பு எவ்வகையில் பக்குவப்படுத்தியது? என் எலும்புக்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும்? அதுவரை என்ன உண்ணலாம்? இடையில் வலித்தால் யாரிடம் போவது? இந்த ஐந்து கேள்விகளும் அதில் இருக்கட்டும். இம்ப்ளான்ட் வரும் உறையில் தொகுதி எண்ணோடு ஓர் ஒட்டுச்சீட்டு இருக்கும். அதை ஒட்டிக்கொள்ள இடமும் அதே தாளில் இருக்கட்டும். பத்து ஆண்டு கழித்துப் பாட்டி மகளோடு வேறு ஊரில் இருக்கும்போது ஒரு திருகு தளர்ந்தால், எந்தச் சாவி பொருந்தும் என்று அங்குள்ள மருத்துவர் தெரிந்துகொள்ள அந்தச் சீட்டுதான் உதவும்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு விடுமுறையில் முடிக்கப் பார்க்காதீர்கள். இந்த முறை வரும்போது பரிசோதனையும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கு ஏற்பாடும் செய்யுங்கள். இம்ப்ளான்ட் வைக்கும் நாளையும் பல் கட்டும் நாளையும் மருத்துவரே குறிக்கட்டும். அந்த நாட்களில் உடனிருக்க உறவினர் ஒருவரையோ சங்கத்து அன்பர் ஒருவரையோ ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். பதறாத காரியம் சிதறாது. சில வாரம் கஞ்சியும் குழைந்த சோறும் உண்டு பொறுத்திருந்தால், அதற்குப் பிறகு வரும் ஆண்டுகளில் நம் பெரியவர்கள் வேர்க்கடலையை வேர்க்கடலையாகவே தின்னலாம்.